பசியாறாத துக்கம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலை உணவுக்கு நாம் வைத்திருக்கும் சொல் 'பசியாறல்'. 'பசியாறியாச்சா?' என்ற கேள்வியோடுதான் பல வீடுகளில் பொழுது விடிகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இச்சொல்லை முதன்முறை கேட்கும்போது ஒரு கணம் நின்று ரசிப்பதுண்டு. அங்கே அது எப்போதோ 'டிபன்' ஆகிவிட்டது. தமிழில் பசி ஆறும், தேநீர் ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும். துக்க வீட்டுக்குப் போய் நாம் சொல்ல முயல்வதும் 'ஆறுதல்'தான். வயிற்றின் எரிச்சலும் மனத்தின் எரிச்சலும் ஒரே வினைச்சொல்லால் தணிகின்றன.

இரண்டுமே ஆறாமல் போகும் ஒரு நிலையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஒரு பதின்ம வயதுப் பிள்ளை சாப்பிட மறுக்கிறது. ஒரு வாரமல்ல, மாதக்கணக்கில். உடல் கண்முன்னே கரைகிறது. கேட்டால், 'எனக்கு வேணாம், விட்டுடுங்க' என்கிறது. அந்த 'வேணாம்' என்ற சொல்லை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? மதிக்கவேண்டிய துயரமா, மீறவேண்டிய நோயா? இன்னொருவரின் வாயைத் திறக்கவைக்கும் உரிமை யாருக்கேனும் உண்டா?

படிவம் நான்கில் படிக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் கருமக்கிரியை வரை வீட்டில் அசைவம் இல்லை. உறவினர்கள் கொண்டுவந்து வைக்கும் சோற்றை யாரோ பிசைந்து, யாரோ ஊட்டி, எல்லாரும் ஏதோ ஒருவாய் தின்று நாள்கள் போகின்றன. பதினாறு முடிந்ததும் வீடு மெல்ல மீன் குழம்புக்குத் திரும்புகிறது. அவள் மட்டும் திரும்பவில்லை. முதலில் கறியும் மீனும் வேண்டாம் என்கிறாள், பிறகு எண்ணெய், பிறகு சோறு. தம்பிக்கு அவளே நாசி கோரேங் கிளறித் தருவாள், அம்மாவுக்கு மைலோ கலக்கித் தருவாள். தன் தட்டை மட்டும் அறைக்குள் கொண்டுபோய்விடுவாள். பள்ளியில் முதலில் பாராட்டுகிறார்கள்: 'மெலிஞ்சு அழகா ஆயிட்ட!' வீட்டுக்கு வரும் அத்தை கண்கலங்கிச் சொல்கிறார்: 'அப்பா மேல உயிரையே வச்சிருந்தா. பாரு, சோறே எறங்க மாட்டேங்குது அவளுக்கு.'

இரண்டும் கனிவோடு சொல்லப்பட்டவை. இரண்டும் அவளை ஒரே திசையில் தள்ளுகின்றன.

துக்கத்தில் பசி அடங்குவது இயல்பு. சோறு மண்ணாக இருக்கும், தொண்டையில் இறங்காது. பெரும்பாலும் சில வாரங்களில் உடல் தன் வழிக்குத் திரும்பிவிடும். உணவுக் கோளாறு என்று மருத்துவம் சொல்வது வேறு. 'அனோரெக்சியா' என்ற சொல்லின் பொருள் பசியின்மை. ஆனால் அந்தப் பெயர் பொருத்தமற்றது என்பதை அந்நோயோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பசி இருக்கும், கடுமையாகவே இருக்கும். பசிக்கு இணங்கிவிடுவோமோ என்ற அச்சம் அதைவிடக் கடுமையாக இருக்கும். ஒவ்வொரு கவளமும் கணக்காகும். எல்லாம் கைவிட்டுப் போன ஓர் உலகில் தன் ஆணைக்குக் கட்டுப்படும் ஒரே பொருளாக உடல் எஞ்சியிருக்கும்.

துக்கம் மட்டுமே இந்நோயைக் கொண்டுவருவதில்லை. பரம்பரைக் கூறு, சுபாவம், வயது, உடலைப் பற்றி ஓயாமல் பேசும் சமூகம் எனப் பல காரணங்கள் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. ஆண் பிள்ளைகளுக்கும் வரும், அவர்களிடம் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகும். மரணம் சிலரிடம் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. மனநோய்களில் அதிகமான உயிர்களைக் கொள்வனவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், 'கொஞ்ச நாள்ல சரியாயிடும்' என்று விட்டுவிட முடியாது.

*

அத்தையின் சொல்லுக்குத் திரும்புகிறேன். அது அவருடைய சொல் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது.

தமிழர்களின் துக்கம் வாய்வழி நிகழ்வது. இறந்தவருக்கு வாய்க்கரிசி போடுகிறோம். திதியன்று அவருக்குப் பிடித்ததைப் படைக்கிறோம். இந்த நாட்டில் தாத்தாவின் படத்துக்கு முன்னால் ஸ்டவுட் போத்தலைத் திறந்து வைக்கும் வீடுகள் எத்தனையோ. இறந்தவருக்கு ஊட்டுவது எவ்வளவு அன்போ, அவருக்காக உண்ணாதிருப்பதும் அவ்வளவு அன்பு என்று நம் இலக்கியம் சொல்லிவந்திருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தேயிராத நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்து உயிர்விட்டதைப் பள்ளிப் பாடமாகவே படித்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு நேர்ந்ததை அறிந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பில் உயிர் துறக்கிறார். கணவனை இழந்த பெண்கள் நெய்யின்றி, சுவையின்றி எதை எப்படி உண்ணவேண்டும் என்ற கைம்மை நோன்பின் கொடுமையைப் புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு சொல்கிறார். அந்த வாழ்வைவிட ஈமத்தீ மேல் என்பது அவருடைய வாதம். அவருக்குப் பின் வந்த எத்தனையோ நூற்றாண்டுகள் அந்த நோன்பைப் பெண்ணின் பெருமையாகவே பார்த்தன.

ஆகவே இழப்பில் ஒரு பெண் உண்ணாமல் மெலிவதைப் பார்க்கும்போது நம் மனம் அதைப் படிக்க ஏற்கெனவே ஓர் அகராதியை வைத்திருக்கிறது. 'பாசம்' என்று படிக்கிறது. 'வைராக்கியம்' என்று படிக்கிறது. மருத்துவரிடம் அழைத்துப்போகத் தோன்றாததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அவளிடம் நாம் காண்பது நாம் மதிக்கப் பழகிய ஒன்று. நோய் இங்கே மரியாதையான ஆடை உடுத்தி வருகிறது.

ஆனால் வடக்கிருத்தலையும் இந்தப் பெண்ணின் பட்டினியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும். சோழன் ஒரு காரணத்தோடு, எல்லாரும் அறிய, தன்னைச் சூழ்ந்தோர் நடுவே அமர்ந்தான். நண்பன் வருவான் என்று இடம் ஒதுக்கவும் சொன்னான். நினைத்தால் அவன் எழுந்திருக்க முடியும், எழவில்லை என்பதால்தான் அது நோன்பு. இந்தப் பெண் ஒளிந்துகொள்கிறாள். தட்டை மறைக்கிறாள், தளர்ந்த சட்டை போட்டு உடலை மறைக்கிறாள். அவளால் எழுந்திருக்க முடியாது. அவளே விரும்பினாலும், தட்டில் ஒரு பிடி சோறு அதிகமானால் கை நடுங்கும். நிறுத்த முடிகிறவருக்குத்தான் நோன்பு என்ற சொல் பொருந்தும்.

அதே மரபு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற நோய். எவ்வளவு உண்டாலும் தீராத பசி. ஒரு சாபத்தால் உணவோடு அவளுக்கிருந்த உறவே முறிந்துபோயிற்று. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இடும் ஒரு பிடிச் சோறு அந்த நோயைத் தீர்க்கிறது. அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. கணவன் கடலில் மாண்டான் என்ற செய்தியைக் கேட்டு ஒருகாலத்தில் தீயில் இறங்கியவள் அவள். தீ அவளைச் சுடவில்லை, கணவனும் பின்னர் உயிரோடு திரும்பினான். துக்கத்தால் சாகத் துணிந்து பிழைத்த ஒருத்தியின் கையிலிருந்து தொடங்கும் சோறுதான் இன்னொருத்தியின் நோயை ஆற்றுகிறது. சாத்தனார் இதை எண்ணித்தான் அமைத்தாரா தெரியாது. துக்கத்துக்குப் பட்டினியைத் தவிர வேறு வழியும் நம்மிடம் இருந்தது என்பதற்கு இந்தச் சாட்சி போதும்.

*

'அவ உடம்பு, அவ முடிவு' என்று ஒரு தரப்பு சொல்லும். தனிமனித உரிமையைப் பற்றி யோசிக்கப் பழகிய நம் தலைமுறைக்கு இந்த வாதம் எளிதில் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பெண்ணுடல் மீது குடும்பமும் சாதியும் மதமும் செலுத்திவந்த அதிகாரத்தைப் பார்த்தவர்கள் இன்னோர் அதிகாரத்தை அவ்வளவு சுலபமாக ஆதரிக்கமாட்டார்கள். ஆகவே இந்த வாதத்தை அதன் வலுவோடுதான் சந்திக்கவேண்டும்.

அதற்கு முன், முடிவெடுப்பது யார் என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியில் வாடும் ஐரோப்பாவுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவதற்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வு நடத்தினார். கொள்கை அடிப்படையில் போருக்குப் போக மறுத்த இளைஞர்களில் 36 பேர் முன்வந்தார்கள். உடலாலும் மனத்தாலும் திடமானவர்கள் என்று பரிசோதித்தே சேர்க்கப்பட்டார்கள். 1945இல் ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவு. விளைவுகள் 1950இல் பெரிய நூலாக வெளிவந்தன. உடல் மெலிந்தது எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நேர்ந்தது எதிர்பாராதது. எரிச்சல், சோர்வு, நகைச்சுவை வறண்டுபோதல், நண்பர்களிடமிருந்து விலகுதல். உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். சிலர் தட்டிலிருப்பதை மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருந்தார்கள். வயிறார உண்ணத் தொடங்கிய பிறகும் மனம் உடனே திரும்பவில்லை.

அவர்களுக்கு யாரும் இறந்துபோயிருக்கவில்லை. ஒல்லியாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. பட்டினி ஒன்றே போதுமானதாக இருந்தது. தம்பிக்குச் சமைத்துத் தந்துவிட்டுத் தான் உண்ணாத அந்தப் பெண், சமையல் குறிப்பு சேர்த்த அந்த இளைஞர்களுக்கு மிக அருகில் நிற்கிறாள். பட்டினி முதலில் ஒரு தீர்மானமாகத் தொடங்கலாம். சில மாதங்களில் தீர்மானிக்கும் மனத்தையே அது தன் வசம் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் 'வேணாம்' முழுக்க அவளுடையது என்று எப்படிச் சொல்வது?

*

இந்தக் கேள்வி 1992இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணைத் தீர்ப்பு டபிள்யூ என்ற எழுத்தால் மட்டுமே குறிக்கிறது. வயது 16. எட்டு வயதுக்குள் தந்தையையும் தாயையும் இழந்தவள். அரசின் பராமரிப்பில் வளர்ப்பு வீடுகளில் வாழ்ந்தவள். பின்னர் தாத்தாவும் போனார். உணவை மறுக்கும் நோய் அவளைப் பற்றியது. சிறப்பு மருத்துவப் பிரிவு ஒன்றுக்கு மாற்ற அதிகாரிகள் விரும்பினார்கள். அவள் மறுத்தாள். இருக்கும் இடத்திலேயே இருக்கிறேன், எப்போது குணமாவது என்பதை நானே முடிவுசெய்கிறேன் என்பது அவள் நிலை. 16 வயதானவர் சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் மறுக்கவும் உரிமை உண்டல்லவா?

அவளுக்கு அறிவில் குறைவில்லை என்பதை முதலில் விசாரித்த நீதிபதியே ஏற்றிருந்தார். இருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவள் மறுப்பை மீறிச் சிகிச்சைக்கு வழிவிட்டது. வழக்கு நடக்கும்போதே அவள் நிலைமை வேகமாக மோசமாகிக்கொண்டிருந்தது. டொனால்ட்சன் பிரபு தந்த காரணங்களில் ஒன்று முக்கியமானது: இந்நோய் தெளிவாகத் தெரிவுசெய்யும் ஆற்றலையே அழிக்கவல்லது, குணமாகவேண்டாம் என்ற விருப்பமே அந்நோயின் ஓர் அறிகுறி.

இந்தத் தீர்ப்பைக் குறைசொன்னவர்கள் உண்டு. 'ஆம்' என்றால் ஏற்றுக்கொள்வோம், 'இல்லை' என்றால் மீறுவோம் என்பது என்ன உரிமை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் அவள் உயிரைப் பொறுத்தவரை நீதிமன்றம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். செத்துப்போனவளுக்குச் சுதந்திரத்தைத் திருப்பித் தர முடியாது. பிழைத்தவளுக்குத் தரலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. அம்மாவும் அப்பாவும் தாத்தாவும் போய், வீடு மாறி வீடு மாறி வந்த ஒரு பெண், 'நான் இருக்கும் இடத்தில் இருக்கிறேன்' என்று சொல்கிறாள். இதில் நோயின் குரல் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அதற்குள்ளேயே ஒரு குழந்தையின் குரலும் இருக்கிறது: 'இன்னொரு முறை என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க.' முதல் குரலுக்கு நீதிமன்றம் பதில் சொன்னது. இரண்டாவது குரலுக்குப் பதில் சொல்வது நீதிமன்றத்தின் வேலையல்ல. அது யாருடைய வேலை?

நான் வந்துசேரும் இடம் இது. துக்கத்தில் உண்ண மறுக்கும் பிள்ளையின் 'வேணாம்' ஒற்றைச் சொல்லாக ஒலிக்கிறது, உள்ளே இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. ஒன்று சோற்றை மறுக்கிறது. மற்றொன்று, இறந்தவர் இல்லாமலேயே வாழ்க்கை நடந்துகொண்டிருப்பதை மறுக்கிறது. முதலாவதை மீறலாம், மீறவேண்டும். இரண்டாவதை மீற எவருக்கும் உரிமையில்லை. அது அவளுடையது, அதைக் கேட்கத்தான் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சோறு விஷயத்தில் 'அவ மனசு சரியாகட்டும்' என்று விட்டுவிடுகிறோம். துக்கத்தில்தான் கைவைக்கிறோம்: 'எவ்ளோ நாளைக்கு அழுதுகிட்டே இருப்ப? எஸ்.பி.எம். வருது, படி.'

*

மீறுவது என்றால் எப்படி என்பதும் அறக் கேள்விதான்.

முதலில் வரும் கருவி மிரட்டல். 'ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கெழங்கத் தின்னு உசுரு பொழைச்சோம், ஒனக்கு சோறு கசக்குதா?' என்று பாட்டி கேட்பார். பாட்டியின் கோபம் பொய்யல்ல. பசியைத் தின்று வளர்ந்த தலைமுறைக்கு நிறைந்த தட்டை ஒதுக்குவது அவமதிப்பாகவே தெரியும். ஆனால் அந்தப் பசிக்கு வெளியே உணவில்லை, இந்தப் பசிக்கு உள்ளே அனுமதியில்லை. நன்றியுணர்வைத் தூண்டி இதைத் தீர்க்க முடியாது. தன்னைத் தண்டிக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பவளுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது இறந்தவரைக் கருவியாக்குவது. 'நீ சாப்டலன்னா அப்பா ஆத்மா சாந்தியடையாது.' இதைவிடக் கொடிய வாக்கியம் அந்த வீட்டில் இருக்க முடியாது. ஒவ்வொரு கவளத்தையும் அப்பாவின் பெயரால் கடனாக்கிவிடுகிறது. அவள் சாப்பிட்டால் பயத்தால் சாப்பிடுகிறாள், சாப்பிட முடியாவிட்டால் அப்பாவை இரண்டாம் முறை கொன்றவளாகிறாள்.

மூன்றாவது, அன்பின் பெயரால் வாயில் திணிப்பது. இது உடலுக்கே ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயம் தடுமாறக்கூடும். போர்க் கைதிகள் மீட்கப்பட்டபோது மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். ஆகவே எடை வெகுவாகக் குறைந்துவிட்ட பிள்ளைக்கு முதல் உதவி பிரியாணி அல்ல, மருத்துவர்.

1980களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி இன்று பல நாடுகளில் பதின்ம வயதினருக்குப் பயன்படும் குடும்பவழிச் சிகிச்சை எனக்கு ஓர் அறநூலாகவே தெரிகிறது. பெற்றோர் மீது பழி போடுவதில்லை என்பது அதன் முதல் விதி. நோயையும் பிள்ளையையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்பது அடுத்தது. என்ன, எவ்வளவு, எப்போது என்ற முடிவைச் சிலகாலம் பெற்றோர் ஏற்கிறார்கள். மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல், பேரம் பேசாமல், அசையாமல் இருக்கிறார்கள். உடல் தேறத் தேற அந்த முடிவைப் படிப்படியாகப் பிள்ளையிடமே ஒப்படைக்கிறார்கள். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. பாதுகாப்பான வீடு இல்லாத பிள்ளைகளும் உண்டு, டபிள்யூவுக்குப் பெற்றோரே இல்லை. ஆனால் அதிகாரத்தைக் கையில் எடுக்கும்போதே அதைத் திருப்பித் தரும் நாளையும் மனத்தில் வைத்துக்கொள்வது என்ற கொள்கை பெரியது. உரிமை பேசுவோர் அஞ்சும் அதிகாரத்துக்கு இந்தத் தேதி இருப்பதில்லை.

பட்டினியில் கிடக்கும் மூளையால் துக்கத்தை எடுத்துப் பேச முடியாது என்பதால் மருத்துவம் முதலில் உடலைத் தேற்றுகிறது. குடும்பம் அதுவரை மௌனமாகக் காத்திருக்கவேண்டியதில்லை. அவள் பேசாவிட்டாலும் மற்றவர்கள் பேசலாம். மேசையில் அப்பா உட்காரும் இடத்தைச் சட்டென்று வேறொருவருக்குக் கொடுக்காமல் இருக்கலாம். 'ரசத்துல உப்பு கம்மின்னா அப்பா எப்டி மூஞ்ச வச்சுக்குவாரு, ஞாபகம் இருக்கா?' என்று அம்மா கேட்கலாம். பதில் வராமல் போகலாம். அப்பாவின் பெயர் அந்த வீட்டில் இன்னும் புழங்குகிறது என்பது அவள் காதில் விழும். அப்பாவை நினைவில் வைத்திருப்பது தன் ஒருத்தியின் பொறுப்பு, அதைத் தன் எலும்புகளால் செய்தாகவேண்டும் என்ற சுமை கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்றையும் கேட்டாகவேண்டும். அந்த அம்மா சாப்பிடுகிறாரா? கணவனை இழந்த பெண்ணின் தட்டை நம் சமூகத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை நின்றுகொண்டே வழித்துத் தின்பவரை 'தியாகி' என்று புகழ்ந்து பழகிவிட்டோம். மகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். உண்ணாமை அன்பின் அளவுகோலல்ல என்று அவளுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, தனக்கும் ஒரு தட்டு வைத்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து உண்ணவேண்டும். அதற்கு அந்த அம்மாவுக்குச் சமைத்துத் தர அக்கம்பக்கத்தில் யாராவது வேண்டும். பதினாறாம் நாளோடு நின்றுபோகும் நம் சோற்றுத் தூக்குகள் அதற்குப் பிறகுதான் அதிகம் தேவைப்படுகின்றன.

திதியன்று படையலிட்டுக் காகத்துக்கு வைப்பதோடு சடங்கு முடிவதில்லை. அதன்பின் இருப்பவர்கள் பந்தியில் அமர்ந்து, இறந்தவருக்கு வைத்த அதே சோற்றை உண்கிறார்கள். அவருக்குப் பிடித்த மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். அந்தச் சிரிப்பை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. உண்பதும் நினைப்பதும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதை நம் முன்னோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்திக் காட்டினார்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒவ்வொரு வேளையும் தேவைப்படுகிறது.